நுண்ணுயிர்கள் விடுக்கும் செய்தி



கழகத்தின் வெள்ளி விழாவில் அறிவியல் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். நம் குழந்தைகளின் உயிரோடு தொடர்புடைய ஒன்றையே நாம் தேர்ந்துகொண்டோம். நியுமோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரே அது. நலமாக உள்ள குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் அது குடியிருக்கும். வாய்ப்பு நேர்ந்தால் நிமோனியாவையும் மூளையுறை அழற்சியையும் உண்டாக்கும்.

1928ஆம் ஆண்டில் பிரெடரிக் கிரிஃபித் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டார். நோய் விளைக்காத உயிருள்ள நியுமோகாக்கஸ்களையும், வெப்பத்தால் கொல்லப்பட்ட கொடிய வகையையும் சேர்த்துச் சுண்டெலிகளுக்குள் செலுத்தினார். எலிகள் மாண்டன. அவற்றின் குருதியில் கொடிய வகை உயிரோடு காணப்பட்டது! இறந்தவற்றிடமிருந்து உயிருள்ளவை பெற்றது யாது? அது டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளே என்று 1944இல் நியூயார்க்கில் ஏவரி, மக்லியாட், மக்கார்ட்டி ஆகிய மூவரும் காட்டினர்.

ஆயினும், இவ்வுயிர்கள் எந்நேரமும் டி.என்.ஏ.வை உட்கொள்வதில்லை. உரிய நேரத்தை அறிவிப்பது ஒரு வேதிப்பொருள். அத்தகைய பொருளொன்று உண்டென்பதை 1965இல் டோமாஸ் என்பவர் எடுத்துரைத்தார். அது 17 அமினோ அமிலங்களாலான சிறு சங்கிலி என்பது 1995இல் தெளிவாயிற்று. ஒவ்வோர் உயிரும் அதனைச் சிறிது சிறிதாக வெளியே விடுகிறது. சூழலில் அதன் செறிவு ஓரளவை எட்டியதும், உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி அதனை உணர்கிறது. உள்ளே உறங்கிக் கிடந்த மரபணுக்கள் விழித்தெழுகின்றன. அச்செய்திப் பொருளும் மேலும் மிகுதியாகச் சுரக்கிறது. சில நிமிடங்களில் கூட்டம் முழுவதும் ஆயத்தமாகிவிடுகிறது.

அதே செய்தி மற்றொரு வேலையையும் தொடங்கி வைக்கிறது. ஆயத்தமான உயிர்கள் செல்சுவரைச் சிதைக்கும் நொதியையும், பாக்டீரியோசின் என்னும் நச்சுப் புரதங்களையும் வெளியிடுகின்றன. ஆயத்தமாகாத அண்டை உயிர்கள், நெருங்கிய இனத்தவையாயினும், வெடித்து அழிகின்றன. சிந்திய டி.என்.ஏ.வை வென்றவை உட்கொள்கின்றன. தம் நொதியால் தாமே மாளாதிருக்கக் காப்புப் புரதமும் அவற்றுக்கு உண்டு.

இயற்கையில் நிகழ்வதெல்லாம் மனிதனுக்கு அறமாகிவிடாது, இளைஞர்களே! நுண்ணுயிரிடம் நாம் பெற வேண்டியது அறிவு. நீதியை நாமே வகுத்துக்கொள்வோம்.

இனி, நமக்கு நேரும் இடரைக் காண்போம். பெனிசிலினுக்கு அஞ்சாத மரபணுத் துண்டுகளைத் தொண்டையில் உடன்வாழும் உறவினங்களிடமிருந்து நியுமோகாக்கஸ் இவ்வாறே பெற்றுள்ளது. அன்றியும், சில ஆண்டிபயாட்டிக் மருந்துகளே இவ்வுட்கொள்ளும் நிலையைத் தூண்டிவிடுகின்றன என்று 2006இல் வெளியான ஆய்வகச் சோதனைகள் காட்டின. நோயை ஒழிக்க உண்ணும் மருந்து, முறை தவறினால், நோய்க்கிருமிக்குப் படைக்கலம் தேடிக்கொடுக்கவும் கூடும்.

ஆதலின், சளி பிடித்தவுடன் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கத்தை விடுவோம். வைரசால் வரும் சாதாரணச் சளிக்கு அம்மருந்துகள் பயன்படா. மருத்துவர் தரும் மருந்தை அவர் குறித்த அளவிலும் நாளிலும் உண்போம். இக்கிருமிக்கெதிரான தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாக இடப்படுகிறது. 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என மூன்று தவணைகள், ஒன்றையும் தவறவிடலாகாது.

படித்த இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் பத்து வீடுகளுக்கேனும் இதனை எடுத்துரைப்பீராக! கழகம் நமக்கு ஊட்டிய கல்விக்கு அதுவே நாம் செலுத்தும் நன்றி.