ஒரு லோடு என்பது எத்தனை அடி?

(தோட்ட மாதர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



2022ஆம் வருடத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். கேஸ் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. கேஸ் அடுப்பு வைத்திருந்தவர்கள்கூட மறுபடியும் விறகுக்குத்தான் வந்தார்கள். கவ்வாத்து வெட்டுகிற வருடத்தில் மிலாறு கிடைக்கும். அது சீக்கிரம் காயும், சீக்கிரம் எரிந்தும் போகும். மற்ற நாளில் விறகைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறோம், சிரிக்காமல் கேளுங்கள். லேண்ட் மாஸ்டரில் சவுக்கு விறகு வந்தது. "ரெண்டு யார் தாராளமா இருக்குங்க ஐயா" என்றார் கொண்டுவந்தவர். நாங்களும் காசைக் கொடுத்துவிட்டோம். சாயந்தரம் அடுக்கிப் பார்த்தால் நீளம் 6 அடி, உயரம் 4 அடி, கட்டையின் நீளம் ஒன்றரை அடி. மூன்றையும் பெருக்கினால் 36 கன அடி. ஒரு யார் என்பது 3 அடிக்கு 3 அடிக்கு 3 அடி, அதாவது 27 கன அடி. இரண்டு யாருக்கு 54 வேண்டும். மூன்றில் ஒரு பங்கு குறைவு! ஊருக்குக் கணக்குச் சொல்கிற உத்தியோகத்தரே இப்படி ஏமாந்தால் என்ன செய்வது?

ஆகவே லோடு என்பது ஓர் அளவே அல்ல. அள்ளிப் போட்டால் வண்டி நிறைந்த மாதிரித்தான் தெரியும். அமெரிக்காவில் விறகுக்குக் 'கோர்ட்' என்று ஒரு கணக்கு உண்டு. 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம், மொத்தம் 128 கன அடி. அங்கே பல மாநிலங்களில் லோடு என்று சொல்லி விறகு விற்கவே சட்டம் விடாது. இங்கே நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். இறக்கி, நெருக்கமாக அடுக்கி, அளந்த பிறகு காசைக் கொடுங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கூடு கட்டின மாதிரி அடுக்கினால் உள்ளே காற்றுத்தான் இருக்கும். நன்றாக அடுக்கினாலும் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி இருக்கும், அது வழக்கம். கோணல் கட்டை என்றால் இன்னும் கூடும்.

சிலர் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். அதில் வேறொரு சங்கதி இருக்கிறது. இப்போதுதான் வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 100 கிலோவுக்குக் காசு கொடுத்து, 50 கிலோ தண்ணீரையும் சேர்த்து வாங்குகிறோம். பிறகு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் சூடு போய்விடும். சோறு வேகாது, புகை மட்டும் லயம் முழுக்க நிற்கும். அடுப்பங்கரையில் தொட்டில் கட்டியிருக்கிற வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தப் புகையைக் குடிப்பது பிள்ளைதான்.

காய்ந்த கட்டையைக் கண்டுபிடிப்பது லேசு. வெட்டுமுனையில் வெடிப்பு விட்டிருக்கும், பட்டை கழன்று வரும், இரண்டை மோதினால் 'டொக்' என்று சத்தம் கேட்கும். பச்சைக் கட்டை தொப்பென்றுதான் விழும். டர்பன்டைன் கட்டையைப் பிளக்காமல் போட்டால் காயவே காயாது. அதனால் பிளந்து, கீழே இரண்டு கம்பு வைத்துத் தரையில் படாமல் அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போட்டால் போதும், பக்கத்தை மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். அட்டன் பக்கம் ஜூனில் மழை பிடித்தால் லேசில் விடாது. ஜனவரி, பெப்ரவரி வெயிலில் வாங்கி வைப்பதுதான் லாபம். கையில் மொத்தமாகக் காசு இல்லாத வீடுகள் நாலு பேர் சேர்ந்து வாங்கி, அளந்து பங்கு போடலாம். அவசரத்துக்கு அடுப்பை ஒட்டி விறகைக் காயப் போடாதீர்கள். லயத்தில் ஒரு காம்பராவில் நெருப்புப் பிடித்தால் வரிசையே போய்விடும்.

அளக்க டேப் வேண்டுமே என்று ஒரு தங்கச்சி கேட்டார். வீட்டில் கிடக்கும் பழைய மட்டக்கம்பு போதும். அதைக் கொண்டுவாருங்கள், கூட்டம் முடிந்ததும் அடி அடியாகக் கோடு போட்டுத் தருகிறோம்.