பேனா கடைவதும் படம் பிடிப்பதும்

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"மரத்துல பேனா செய்றீங்களாமே, அதை எப்படி வெளியூர்ல விக்கிறீங்க?" என்று பல குழுக்கள் கேட்டதால்தான் இன்று பேச வந்திருக்கிறோம். ஆரம்பத்தில் ஒரு வியாபாரி எங்களிடம் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார். பிறகு பார்த்தால், அதே பேனாவை அழகாகப் படம் எடுத்துப் போட்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார். பேனாவில் ஒரு கீறல்கூட அவர் கூடுதலாகப் போடவில்லை. படம் எடுத்தார், அவ்வளவுதான். அப்போதுதான் படம் எடுப்பதையும் நம்ம தொழிலில் சேர்த்துக்கணும் என்று முடிவு செய்தோம்.

முதலில் கடைசல் பற்றி. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தைத் துளைத்து உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டினால், பின்னால் மரம் காயும்போது சுருங்கும். குழாய் சுருங்காது. மரம் வெடித்துவிடும். மரத்துண்டை வாரம் ஒருமுறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம்.

குழாய் ஒட்டிய துண்டை இயந்திரத்தில் மாட்டி, சுழலவிட்டு, உளியால் கடைந்து, உப்புத்தாளைச் சொரசொரப்பிலிருந்து நைஸ் வரை மாற்றி மாற்றித் தேய்க்கிறோம். பிறகு கர்நாடகத்தில் சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் செய்வது போல, சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும். தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் மினுமினுப்பு வரும். ரீஃபில், கிளிப், முனை இவை கடையில் வாங்கிப் பொருத்துவது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். இயந்திரத்தின் முன் முந்தானையை இழுத்துச் செருகுங்கள். சடையைக் கொண்டை போடுங்கள். வளையலைக் கழற்றுங்கள். கையுறை போடவே கூடாது, அது சுற்றிக்கொண்டு கையை இழுக்கும். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். மரத்தூள் நெஞ்சில் போய் உட்கார்ந்தால் லாபம் எல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான்.

இன்றைய ஆந்திராவில் உள்ள ராஜமுந்திரியில் ரத்தினம் என்பவர் கையால் பேனா செய்தார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா மூலமாக அதில் ஒன்று காந்தியடிகளுக்குப் போனது. 1935-ல் காந்தியடிகள் அந்தப் பேனாவால் எழுதிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று கடிதம் போட்டார். இன்றைக்கு நம்மிடம் வாங்குகிறவர் எழுதிப் பார்க்காமலே பணம் கட்ட வேண்டியிருக்கு. தொட்டுப் பார்க்கும் வேலையை அவருக்குப் படம்தான் செய்யணும்.

பேனாவைப் படம் எடுப்பது சட்டி பானையைப் படம் எடுப்பது போல இல்லை. மெல்லிசு, நீளம், மேலே மினுமினுப்பு. ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைக்கோடு விழுந்து மரத்தின் ரேகையே மறைந்துபோகும். ஆகவே ஃபிளாஷ் வேண்டாம். நேர் வெயிலும் வேண்டாம். வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம் போதும். ஜன்னலில் பழைய வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் வெளிச்சம் இதமாகும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையை நிறுத்துங்கள், பேனாவின் இருட்டுப் பக்கமும் தெரியும். அந்த நேரத்தில் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் மஞ்சள் அரக்கு பச்சையடிக்கும், சிவப்பு வேறு சிவப்பாகும். வாங்கியவர் "படத்துல பார்த்த கலர் இது இல்லை" என்று திருப்பி அனுப்பினால் தபால் செலவு நம் தலையில்தான்.

போன் லென்ஸைப் பருத்தித்துணியால் துடையுங்கள். நம்ம போனில் எப்போதும் எண்ணெய்க்கை பட்டிருக்கும்! ரொம்பக் கிட்டே போனால் பேனாவின் ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் தெரியும். இரண்டடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். திரையில் பேனாவைத் தொட்டால் சூரியன் மாதிரி ஒரு அடையாளம் வரும் போன்கள் உண்டு. அதைக் கொஞ்சம் கீழே இறக்கினால் வெளுத்துப்போகாது. முகத்துக்குப் போடும் ஃபில்டரைப் பேனாவுக்குப் போடாதீர்கள்.

முழுப் பேனா ஒன்று, ரேகை தெரியக் கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று, எழுதிய வரியோடு கையில் பிடித்தபடி ஒன்று. நாலு படம் போதும். கையில் பிடிக்கும்போது நகத்தில் மரத்தூள் இருந்தாலும் பரவாயில்லை என்பது எங்கள் கருத்து. உழைத்த கைதானே.

மரத்தில் கரும்புள்ளி இருந்தால் அதையும் படத்தில் காட்டிவிடுகிறோம். ஒரு மரத்துண்டு போல இன்னொன்று இருக்காது என்பதால், ஒரு பேனாவின் படத்தைக் காட்டி வேறு பேனாவை அனுப்புவதில்லை. ஒவ்வொன்றுக்கும் நம்பர் சீட்டு உண்டு. உலோகப் பாகங்கள் வாங்கியவை, கடைசலும் அரக்கும் எங்களுடையவை என்றும், சானிடைசர் பட்டால் அரக்கு கரையும் என்றும் அந்தச் சீட்டிலேயே எழுதுகிறோம்.

வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறையும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

எங்களுக்குப் பெரிய சிக்கல் வெளிச்சமோ லென்ஸோ இல்லை, போன்தான். நல்ல வெளிச்சம் இருக்கும் காலை நேரத்தில் போன் வீட்டுக்காரரோடு வேலைக்குப் போயிருக்கும், இல்லையென்றால் பையனோடு காலேஜுக்குப் போயிருக்கும். சாயங்காலம் போன் வரும், வெளிச்சம் போயிருக்கும். வாங்குகிறவர் விலை பேசக் கூப்பிட்டாலும் எடுப்பது ஆம்பளைங்கதான். அவங்க ஒரு விலை சொல்லிடுறாங்க. அதனால் குழுவில் தீர்மானம் போட்டு, குழுப் பணத்திலேயே ஒரு போன் வாங்கினோம். தீர்மான நோட்டோடு சேர்த்து அதையும் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். யார் எடுத்தாலும் நோட்டில் கையெழுத்து. இப்போது விலை சொல்வது நாங்கள்தான்.

உங்கள் குழுப் பொருளைப் படம் எடுக்க வேண்டுமானால் புதன்கிழமை காலை பத்து மணிக்குள் எங்கள் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். சார்ட் அட்டை நாங்கள் தருகிறோம், பொருளைத் துடைக்க ஒரு துணி மட்டும் எடுத்து வாருங்கள்.