முதல் செமஸ்டர் கணக்கு: தடுமாற்றம் எங்கே, தீர்வு எங்கே?

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் பணி நிறைவு பெற்ற கணிதப் பேராசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு கணக்கைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சுருக்கமாகவே பேசுகிறேன்.

பெற்றோர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான்: "சார், பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளை, முதல் செமஸ்டரில் எம்-1 தாளில் அரியர் வைத்துவிட்டான். என்ன ஆயிற்று?"

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாறியது படிப்பின் தன்மை. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் முதல் செமஸ்டர் தாளின் பெயர் 'அணிகளும் நுண்கணிதமும்' என்று இருந்தது. ஐந்து அலகுகள்: அணிகள், வகை நுண்கணிதம், பல மாறிகளின் சார்புகள், தொகை நுண்கணிதம், பன்மடித் தொகையிடல். தன்னாட்சிக் கல்லூரிகளில் சற்று மாறலாம். அடிப்படை ஏறக்குறைய இதுதான்.

இதில் பாதி, நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைகளுக்குப் பழக்கமானது. அணிகள், வகையிடல், தொகையிடல் எல்லாம் பள்ளியிலேயே வந்துவிட்டன. புதிதாக வருபவை ஐகன் மதிப்புகள், இரட்டைத் தொகையிடல் போன்ற சில பகுதிகள். பிறகு ஏன் தடுமாற்றம்?

முதல் காரணம் வேகம். பள்ளியில் கணக்குப் புத்தகத்தில் 12 பாடங்கள். ஒரு வருடம் முழுக்க நடத்தி, திருப்புதல் தேர்வும் பலமுறை வைப்பார்கள். அந்தத் தாளில் ஐந்து அலகுக்கும் சேர்த்து 60 பாடவேளைகள்தான் இருந்தன. ஓர் அலகுக்கு 12. ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் ஓர் அலகில் கணிசமான பகுதி போய்விடும்.

இரண்டாவது காரணம், முறையை மனப்பாடம் செய்யும் பழக்கம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். முதல் வரிசையில் 2, 1. இரண்டாம் வரிசையில் 1, 2. இப்படி ஓர் அணி. இதை (1, 0) என்ற திசையன் மேல் செலுத்தினால் (2, 1) கிடைக்கும், திசை திரும்பிவிட்டது. ஆனால் (1, 1) மேல் செலுத்தினால் (3, 3). திசை அதேதான், நீளம் மட்டும் மூன்று மடங்கு. (1, -1) மேல் செலுத்தினால் அதுவே திரும்ப வருகிறது. திசை மாறாத இந்த இரண்டும்தான் ஐகன் திசையன்கள். 3, 1 என்ற எண்கள்தான் ஐகன் மதிப்புகள். ஒரு கட்டடம் எந்த அதிர்வெண்ணில் ஆடும் என்று பொறியாளர் கணக்கிடுவதும், கூகுள் தன் தொடக்க காலத்தில் இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தியதும் இதே கருத்தை வைத்துத்தான்.

பெரும்பாலான மாணவர்கள் சமன்பாடு எழுதி, மூலம் கண்டு, விடையை அடிக்கோடிட்டுவிடுவார்கள். எதைக் கண்டுபிடித்தோம் என்று கேட்டால் தெரியாது. பொருள் தெரிந்தவருக்கு விடையைச் சரிபார்க்கவும் தெரியும். 3-ஐயும் 1-ஐயும் கூட்டினால் 4. முதன்மை மூலைவிட்டத்தில் உள்ள 2-ஐயும் 2-ஐயும் கூட்டினாலும் 4. பெருக்கினால் 3, அணிக்கோவையின் மதிப்பும் 3. தேர்வு அறையில் அரை நிமிட வேலை.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது: தனியாகப் படிப்பது.

1970-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரீஸ்மன் என்ற ஆய்வு மாணவர் இருந்தார். முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் அதிகம் தோற்பதையும், சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்வதையும் கவனித்தார். ஆர்வம் குறைவு, பள்ளி அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஆதரவு இல்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் இரு தரப்பிலும் இருபது இருபது பேரை எடுத்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். சொல்லப்பட்ட காரணங்கள் எதுவும் நிற்கவில்லை.

கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள். ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உழைத்தார்கள். தான் தவறாகப் போட்ட கணக்கு தனக்கு மட்டும்தான் நடந்தது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மற்றவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்து, பிறகு மாலையில் ஒன்றுகூடி ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்தார்கள். எல்லோருக்கும் வராத கணக்கு எது என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது.

ட்ரீஸ்மன் செய்தது என்ன தெரியுமா? பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு வைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்காரவைத்தார். தேர்ச்சி நன்றாக உயர்ந்தது. பிற பல்கலைக்கழகங்களும் அந்த முறையை எடுத்துக்கொண்டன.

ஆகவே மாணவர்களுக்கு மூன்று வேண்டுகோள். அன்றன்றைய பாடத்தில் இரண்டு கணக்காவது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். தொகையிடலின் வரிசையை மாற்றும் கணக்கில், முதலில் அந்தப் பரப்பைப் படம் வரையுங்கள். படம் இல்லாமல் எல்லைகள் சரியாக வராது. டியூட்டோரியல் வகுப்பைத் தவறவிடாதீர்கள். புரியாத இடத்துக்கு ஐஐடி-கள் நடத்தும் என்பிடிஇஎல் பாடங்களும், எம்ஐடி-யின் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வீடியோக்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் வீடியோ பார்ப்பது கணக்குப் போடுவது ஆகாது.

பெற்றோர்களுக்கு ஒன்று: முதல் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் குறைந்தால், "உனக்குக் கணக்கு வராது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லை நம்பிப் படிப்பையே பாதியில் விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். "யாருடன் சேர்ந்து படிக்கிறாய்?" என்று கேளுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் மாடி ஹால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. ஒரு கரும்பலகை, நான்கு மேசை, மின்விசிறி இருந்தால் போதும். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் முதலாண்டு மாணவர்கள் ஐந்து மணி முதல் ஏழு மணி வரை அங்கே கூடட்டும். நான் வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். டியூஷன் எடுக்க மாட்டேன், கட்டணமும் கிடையாது. கணக்குகள் கொண்டு வருவேன். அவர்களே பேசி, சண்டை போட்டு, விடை காணட்டும். மூத்த மாணவர்கள் வந்து உதவினால் இன்னும் நல்லது.

செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.