மாலை சூட்டவா மாணவியர் தலைவி?

தோழர்களே! 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி மாவட்டமாக நின்றது தருமபுரி. அந்த மாவட்டத்துக் காரிமங்கலத்தில் இன்று அரசு மகளிர் கல்லூரி நடக்கிறது. மகிழ்ச்சி! ஆனால், மகளிர் கல்லூரியில் மாணவியர் தலைவி எதற்கு? விருந்தினருக்கு மாலை சூட்டவா? பேருந்து வராவிடில் மனுவோடு அதிகாரிமுன் நிற்கவன்றோ!

2003ல், தலைமைச் செயலகம் எழுப்புவதற்காகச் சென்னை இராணி மேரிக் கல்லூரியை இடிக்க முனைந்தது அன்றைய அரசு. எதிர்த்து நின்றவர்கள் மாணவியரே. கல்லூரி இன்றும் நிற்கிறது.

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் 2016ல் சட்டமாயிற்று. எனினும், நாற்காலியில் கணவர், கையெழுத்துக்கு மட்டும் மனைவி என்ற கூத்தை (நம் தோழர்கள் சிலர் வீட்டிலுந்தான்!) நாம் காணவில்லையா? பேசப் பழகும் களம் கல்லூரித் தேர்தல். 2006ல் லிங்டோ குழுவும் மாணவர் தேர்தலை வலியுறுத்திற்று. தேர்தல் கேட்டு உம் மகள் கல்லூரி முதல்வர் அறை வாசலில் நின்றால், தோழரே, அவளை வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்!