இடம் பெயரும் முகத்துவாரம்



நிலம் வாங்குகிறவர் பத்திரத்தில் நான்கெல்லையைப் பார்ப்பது வழக்கம். ஆனால் எல்லையே நடந்து செல்லும் நிலமும் உலகத்தில் உண்டு. அதற்கு ஓர் உதாரணத்தைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் வட கரோலினா ராஜ்யத்தின் கரையோரமாக ஒடுங்கிய மணல் தீவுகள் சங்கிலிபோல் நீண்டு கிடக்கின்றன. ஒரு புறம் அட்லாண்டிக் சமுத்திரம், மறுபுறம் உப்பங்கழி. 1846-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் வீசிய புயலில், கழியில் தேங்கிய வெள்ளம் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலிற் பாய்ந்தது. அவ்வாறு உண்டான முகத்துவாரத்துக்கு, அதன் வழியே சென்ற கப்பலின் பெயரால் ஆரிகன் முகத்துவாரம் என்று பெயர் வழங்கலாயிற்று.

இதன் தென்கரையில் 1847-ல் ஒரு கலங்கரை விளக்கம் கட்டினார்கள். அஸ்திவாரம் பலமில்லாமையால் அது சாய்ந்தது. 1859-ல் வேறொன்று எழுப்பினார்கள். 1861-ல் உள்நாட்டு யுத்தத்தில் அது தகர்க்கப்பட்டது. மூன்றாவதை 1872-ல் வடகரையில் கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது. முதலிரண்டும் நின்ற இடத்தையோ தண்ணீர் மூடிவிட்டது.

காரணம் யாதெனில், அலைகள் கரையோர மணலைப் பெரும்பாலும் தெற்கு நோக்கித் தள்ளுகின்றன. அம்மணல் வடகரையிற் சேர, தென்கரை அரிக்கப்படுகிறது. பல காலத்துப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், முகத்துவாரம் 1846 முதல் இரண்டு மைலுக்கு மேல் தெற்கே நகர்ந்திருப்பது விளங்கும்.

1963-ல் அதன் குறுக்கே பாலம் கட்டப்பட்டது. கப்பல்கள் செல்வதற்கென்று உயர்த்திய கண் ஓரிடத்திலேயே நின்றது. ஆழமான நீரோட்டமோ விலகிப் போயிற்று. ஆகவே ஓயாமல் மணல் வாரவேண்டியதாயிற்று. 1991-ல் தென்கரையைக் காக்கக் கற்சுவர் போட்டு முடித்தார்கள். 2019-ல் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதில் ஒரே கண்ணை நம்பாமல், ஓட்டம் விலகினாலும் கப்பல்கள் போகும்படி உயர்ந்த கண்கள் பல அமைக்கப்பட்டன.

நமது பழவேற்காட்டு முகத்துவாரமும் மணலால் அடைபடுவதுண்டு. ஆகையால் கடற்கரைச் சங்கத்தார் படகுத்துறைக்கோ, மீன் கிடங்குக்கோ பொதுப்பணத்தைச் செலவிடுமுன், இன்றைய சர்வே படம் ஒன்றை மாத்திரம் பார்த்துத் திருப்தியடையலாகாது. பழைய படங்களையும் வருவித்து ஒப்பிடுக. ஊரிலுள்ள முதியோரையும் விசாரித்தறிக. ஒரு படம் கரை இருக்குமிடத்தைக் காட்டும். பல படங்களே அது போகும் திசையைக் காட்டும். அங்கத்தினர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் மணலோடு போகாதிருக்க இதுவே வழி.