கொல்லன் உலையும் மரப்பிடிக் கத்தியும்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்



தஞ்சை மராட்டிய மன்னர்களின் ஆயுதசாலையிலிருந்த கத்தி, கட்டாரி முதலியவற்றுள் தேர்ந்தெடுத்தவை 1863-ஆம் வருஷத்தில் சென்னை மியூசியத்தைச் சேர்ந்தன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. 1972-ஆம் வருஷத்து வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையும் தடுத்துவிட்டது. ஆயினும் வேட்டைக் கத்திக்கு வேண்டிய அதே கைத்திறன், காவேரிப் பாசனக் கிராமங்களின் வெட்டரிவாளிலும் கத்தியிலும் நிலைத்திருக்கிறது. அதைக் காப்பது குடியானவர்களுக்கே அனுகூலமாம்.

கடைக் கத்தி எல்லோர் கைக்கும் ஒரே அளவினது. பட்டறையில் சொல்லிச் செய்விக்கும் கத்தியோ உடையவன் கைக்கும் வேலைக்கும் தக்கது. தேங்காய் வெட்டுவதற்குக் கனம் வேண்டும். வாழையிலை அறுப்பதற்கு மெல்லிய அலகு போதும். இடக்கைப் பழக்கமுள்ளவர் அதையும் முன்னரே சொல்லிவிடல் நலம்.

முதலாவது, இரும்பு. மெல்லிரும்பில் கூர் நில்லாது. லாரியின் பழைய வில்பட்டை நல்ல எஃகாதலால் துவைச்சல் ஏற்கும். அதைக் கரியுலையில் காய்ச்சி, பட்டடைக் கல்லில் அடித்து உருவாக்க வேண்டும். பின்பு காந்தம் ஒட்டாத அளவுக்குச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் தோய்த்தால் இவ்வெஃகில் விரிசல் காணக்கூடும். துவைச்சல் ஏறிய அலகில் அரம் வழுக்கும்.

அவ்வளவோடு நிறுத்தினால் கத்தி கண்ணாடிபோல் உடையும். ஆகையால் அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடியும் இளஞ்சூடு காட்ட வேண்டும். வைக்கோல் நிறம் கண்டால் மெல்லிய அறுப்புக் கத்திக்குப் போதும். ஓங்கி வெட்டும் அரிவாளுக்குச் சூடு இன்னும் சற்று ஏறிப் பழுப்பும் ஊதாவும் தோன்ற வேண்டும்.

இரண்டாவது, பிடி. நன்றாய் உலர்ந்த கருவேல் அல்லது பூவரசு ஏற்றது. மரத்தின் ரேகை பிடியின் நீளத்திலேயே ஓட வேண்டும். பச்சை மரம் காய்ந்து சுருங்கினால் வால் தளர்ந்து, ஓங்கும்பொழுது அலகு கழன்று பறக்கும். அருகில் நிற்பவர் உயிருக்கே அபாயம். பிடி பிளவாதபடி வாயில் இரும்புப் பூண் மாட்டுவது அவசியம்.

முற்காலத்தில் கொல்லருக்குக் களத்திலேயே நெல் அளக்கப்பட்டது. அவ்வழக்கம் நின்றது, அறுவடை இயந்திரம் வந்தபின் அரிவாள் வேலையும் குறைந்தது. ஆயினும் மழையில் சாய்ந்து சேற்றில் கிடக்கும் பயிருக்கு அரிவாளே கைகொடுக்கும் சமயமுண்டு. அச்சமயம் பட்டறை மூடிக்கிடந்தால் யாரிடம் போவது?

ஆகவே, சங்கங்கள் தை அறுவடைக்கு வேண்டியவற்றைக் கார்த்திகையிலேயே கணக்கெடுத்து, எஃகுக்கும் கரிக்கும் கொல்லருக்கு முன்பணம் தரலாம். பிடி ஆடினாலும் அலகில் விரிசல் கண்டாலும் திருப்பிக் கொடுத்துச் செப்பனிடச் செய்யலாம். நல்ல வேலைக்கு உரிய கூலியைத் தவணை சொல்லாமல் அன்றே கொடுத்துவிட வேண்டும். இவ்விரண்டும் நடந்தால், அங்கத்தினருக்கு நம்பத்தக்க கருவியும் கொல்லருக்கு ஊரிலேயே பிழைப்பும் உண்டாகும்.