விவரம் சொன்னால் விற்குமா?

(உழவர் பயிற்சியில் ஆற்றிய உரை)



இயற்கை முறையில் விளைந்த அரிசியைப் பையிலிட்டு விற்கும் பலர், பையின் மேல் கியூஆர் குறியீடு அச்சிட்டால் நல்ல விலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கைப்பேசியை அதன்மேல் காட்டினால் எந்த ஊர், எந்த ரகம், என்ன எரு இட்டோம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆனால் தெரிந்துகொண்டவர் வாங்குவாரா?

அமெரிக்காவில் குட்கைடு என்ற இணையதளம், வீட்டுக்கு வாங்கும் பொருள்களுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் வழங்கி வந்தது. உடல்நலம், சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். அதைத் தொடங்கிய பேராசிரியர் டாரா ஓரூர்க் மற்றொருவருடன் சேர்ந்து, அத்தளத்தில் நடந்த 40,000-க்கும் மேற்பட்ட தேர்வுகளை ஆராய்ந்தார். 2016-இல் முடிவு வெளியாயிற்று.

விவரத்தைத் தேடியே வந்தவர்களிடம் பலன் இருந்தது. மதிப்பெண் ஒன்று கூடினால், வாங்க முற்படுவோர் நூற்றுக்குச் சராசரியாக 1.15 பேர் கூடினர். வேறு வழியாக வந்தவர்களிடமோ சராசரியாக எந்த மாற்றமும் இல்லை! மூன்றிலும் அதிகமாக ஈர்த்தது உடல்நல மதிப்பெண்தான்.

இதில் வியப்பில்லை. பட்டியலோடு மளிகைக் கடைக்கு வருபவர், பழகிய பொன்னியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நம் பையைப் படிக்க அவருக்கு ஏது நேரம்?

ஆகவே, விளைவித்த விதத்தைக் கேட்டு வாங்குபவர்கள் வரும் கடைக்கு முதலில் சரக்கை அனுப்புங்கள். குறியீட்டுக்கான செலவு அங்கேதான் திரும்பி வரும். மற்றக் கடைகளுக்குப் போகும் பையில், எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும், இட்லிக்கு ஆகுமா, சோறு உதிரியாக இருக்குமா என்பதை நாலு வரியில் பெரிய எழுத்தில் போடுங்கள். சமைப்பவர் கேட்பது அதைத்தான். உடல்நலம் ஈர்க்கிறதே என்று ‘சர்க்கரை நோய் தீரும்’ என்று மட்டும் அச்சிட்டுவிடாதீர்கள். நோய் தீர்க்கும் என்று உணவுப் பொருளில் சொல்லச் சட்டம் இடம் தருவதில்லை.

தேடி வருபவர் அடுத்து சான்று கேட்பார். தனியாக எடுக்கச் செலவு அதிகம் என்று தயங்குபவர்கள் பி.ஜி.எஸ். குழுச் சான்றைப் பார்க்கலாம். அருகருகே உள்ள 5 உழவர்கள் சேர்ந்தாலே குழு அமைக்கலாம். நிலம் இயற்கை முறைக்கு மாறிவரும் காலத்தில் ‘பி.ஜி.எஸ். கிரீன்’ முத்திரையும், முழுமையாக மாறியபின் ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’ முத்திரையும் கிடைக்கும். உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரியுங்கள்.